கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்னால்

பழைய காரில் கியர் சரியாக விழவில்லை என்று ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றால், வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "கியர் பாக்ஸ் இறக்கணும்." இறக்கினால் கூலியே ஆயிரக்கணக்கில் வரும், வண்டி நாலைந்து நாள் உள்ளேயே நிற்கும். அவ்வளவு செலவு செய்து திரும்பி வந்தபிறகும் பழைய குறை அப்படியே இருந்தால் மனசு விட்டுப்போய் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கியர் விழாததற்குக் காரணம் பல நேரம் கியர் பாக்ஸுக்குள் இருப்பதே இல்லை. கிளட்ச், கியர் ராடு, எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங், ஆயில் என்று வெளியே நாலு இடம் இருக்கிறது. எந்த இடம் என்பதை டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே, ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல், பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதைப் பொறுமையாக எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

பெங்களூரில் இது எல்லோருக்கும் வரும் பிரச்சினை. சில்க் போர்டிலோ டின் ஃபேக்டரியிலோ சாயங்காலம் ஒரு தடவை மாட்டினால் போதும், முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடி முதல் கியர் என்று இடது கால் ஓயாது. ஹெப்பாள் மேம்பாலத்து ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் எத்தனை பேர்! நெடுஞ்சாலையில் ஓடும் காரில் லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் தாங்கும் கிளட்ச் இந்த ஊரில் அதில் பாதிகூட வராமல் போவதுண்டு. அதோடு 15 வருஷம் முடிந்து, எஃப்சி எடுத்து, ஆர்சியை இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பித்து ஓட்டுகிற வண்டிகள் இங்கே நிறைய. என் வீட்டைச் சுற்றியே, அலசூரிலும் லிங்கராஜபுரத்திலும், அப்பா வாங்கிய காரைப் பிள்ளை ஓட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களை நான் எண்ணிச் சொல்ல முடியும். அந்தக் கார்களை எல்லாம் பழசு என்று தள்ளிவிட எனக்கு மனசு வராது. நல்ல எஞ்சின், துருப்பிடிக்காத பாடி, அப்புறம் எதற்கு வீணாக விற்க வேண்டும்?

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் வருவது புரியாது. எஞ்சின் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கிளட்ச்சை மிதித்தால் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் உள்ள பிடி விடுபடுகிறது. பிடி முழுசாக விட்டால்தான் கியர் மாறும். கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மாறாது, அல்லது உரசும். உள்ளே கியர்களின் பற்கள் எல்லாம் ஏற்கெனவே ஒன்றோடொன்று கோத்துத்தான் இருக்கின்றன. நாம் கியர் போடும்போது நடப்பது, ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் ஒரு ஸ்லீவ் நகர்ந்து, வேண்டிய கியரின் பக்கவாட்டில் உள்ள சின்னப் பற்களைக் கவ்வுவதுதான். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றினால் கவ்வ முடியாது, 'கர்ர்ர்' என்று சத்தம்தான் வரும். ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவன் கூடவே நாலடி ஓடி, பஸ்ஸின் வேகத்துக்குத் தன் வேகம் வந்தபிறகு படியில் கால் வைப்பான் இல்லையா, அந்த நாலடி ஓட்டத்தை உள்ளே செய்து கொடுப்பது சின்க்ரோ ரிங் என்கிற பித்தளை வளையம். 1928ல் அமெரிக்காவில் காடிலாக் கார்களில்தான் இந்த சின்க்ரோமெஷ் முதலில் வந்தது. அதற்கு முன்னால் அந்த வேகத்தைச் சரிக்கட்டுவது டிரைவரின் காலுக்கும் காதுக்கும் விட்ட வேலை. பழைய கார்கள் பெரும்பாலானவற்றில் ரிவர்ஸ் கியருக்கு மட்டும் இந்த வளையம் கிடையாது. இது முக்கியம், ஏனென்றால் கிளட்ச் சரியாக விடுகிறதா என்று சொல்லிக்கொடுப்பதே ரிவர்ஸ் கியர்தான்.

சரி, சோதனைக்கு வருவோம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஐந்தும் ரிவர்ஸும் தடையில்லாமல் விழுகிறதா? ஏதாவது ஒன்று விழவில்லை என்றால் உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்றுவிட்டால் நல்ல கியர் பாக்ஸிலும் அப்படி மக்கர் பண்ணும். ஹேண்ட் பிரேக்கை விட்டு வண்டியை ஒரு முழம் முன்னே உருட்டிவிட்டு மறுபடி போடுங்கள். அப்புறமும் முட்டுகிறது, அல்லது போட்ட கியர் எது என்றே கைக்குத் தெரியாமல் லிவர் கஞ்சிக்குள் போன மாதிரி தளதளவென்று ஆடுகிறது என்றால், பழுது கிளட்ச்சில் இல்லை. எஞ்சின் ஓடாதபோது கிளட்ச்சுக்கு அங்கே வேலையே இல்லை. கியர் லிவரிலிருந்து பாக்ஸ் வரை போகும் ராடு அல்லது கேபிள், அதன் மூட்டுகளில் உள்ள புஷ் என்கிற சின்ன வளையங்கள், கடைசியாக உள்ளே அந்த ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க், இவற்றில்தான் தேட வேண்டும்.

எஞ்சின் அணைந்திருக்கும்போது எல்லாம் வெண்ணெயாக விழுந்து, ஸ்டார்ட் செய்ததும் முதல் கியரும் ரிவர்ஸும் முரண்டு பிடித்தால் சந்தேகம் நேராக கிளட்ச்சுக்குப் போகும். ஐடிலில் கிளட்ச்சை அடிவரை மிதியுங்கள். மனசுக்குள் நிதானமாக ஐந்து எண்ணுங்கள். அப்புறம் ரிவர்ஸ் போடுங்கள். மிதித்த உடனே போட்டால் உரசல் கேட்டு, ஐந்து எண்ணிய பிறகு போட்டால் சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் விடுகிறது என்று அர்த்தம். உள்ளே சுற்றிக்கொண்டிருந்த ஷாஃப்ட் நிற்பதற்கு அந்த இடைவெளி வேண்டும், அவ்வளவுதான். பத்து எண்ணினாலும் உரசுகிறது என்றால் கிளட்ச் முழுசாக விடவில்லை. மெக்கானிக்குகள் "கிளட்ச் டிராக் ஆகுது" என்பது இதைத்தான். இந்த வண்டிக்கு கியர் பாக்ஸைப் பிரிக்கச் சொன்னால் தலையாட்டாதீர்கள்.

என் பெரியப்பாவின் செடான் அப்படித்தான் தப்பித்தது. அவர் இங்கே ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அந்தக் கார் அவர் வாங்கிய முதல் கார். காலையில் ஒரு குறையும் இல்லை. கே.ஆர்.புரம் பக்கம் அரைமணி நேரம் நெரிசலில் ஊர்ந்தபிறகு முதல் கியர் விழாது, ரிவர்ஸ் கேட்கவே வேண்டாம். அவர் காட்டிய இடத்தில் கியர் பாக்ஸ் ஓவர்ஹால் என்று ஒரு பெரிய தொகையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "ஏம்பா, வித்துடலாமா? முட்டி வேற வலிக்குது, இந்த கியரோட மல்லுக்கட்ட முடியலை" என்று என்னைக் கேட்டார். குரலே இறங்கிப்போயிருந்தது. நான் அந்த சாயங்காலமே அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். சிக்னலில் முதல் கியரில் கிளட்ச்சை மிதித்தபடி நின்றோம். கொஞ்ச நேரம் அசையாமல் நின்ற வண்டி, அவர் கால் அப்படியே இருக்க, மெல்ல முன்னால் இழுக்க ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டியதாயிற்று. "பெரியப்பா, கிளட்ச்சை விட்டு விட்டு ரெண்டு மூணு தரம் மிதிங்க, அப்புறம் கியர் போடுங்க" என்றேன். உடனே விழுந்தது.

பம்ப் செய்தால் சரியாகிறது, காலை வைத்துக்கொண்டே இருந்தால் தளர்கிறது என்றால் ஹைட்ராலிக் கிளட்ச்சில் எண்ணெய் கசிகிறது அல்லது காற்று புகுந்திருக்கிறது. ஹைட்ராலிக் கிளட்ச்சில் பெடலுக்கு மேலே ஒரு மாஸ்டர் சிலிண்டர், கியர் பாக்ஸ் பக்கத்தில் ஒரு ஸ்லேவ் சிலிண்டர், நடுவே ஒரு குழாய், உள்ளே பிரேக் ஃப்ளூயிட். ரப்பர் சீல் தேய்ந்துபோனால் மிதித்த அழுத்தம் தாங்காமல் ஃப்ளூயிட் சீலைத் தாண்டி நழுவும். சூடானால் இன்னும் நழுவும், அதனால்தான் காலையில் ஒழுங்காக இருந்தது. பெரியப்பாவின் காரில் டார்ச் அடித்து பெடலின் வேர் வரை பார்த்தோம். மாஸ்டர் சிலிண்டரின் தடி உள்ளே நுழையும் இடத்தில் ரப்பர் உறை ஈரமாக இருந்தது, அதற்கு நேர் கீழே கார்ப்பெட்டில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு நிறம் மாறி, தொட்டால் வழவழவென்று இருந்தது. மேலே டப்பாவில் ஃப்ளூயிட் டீ டிகாஷன் நிறத்துக்கு வந்து குறைந்தும் இருந்தது. வில்சன் கார்டனில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் மாஸ்டர், ஸ்லேவ் இரண்டையும் மாற்றி, காற்றெடுத்து, புது ஃப்ளூயிட் ஊற்றிக் கொடுத்தார். ஒன்று போய்விட்டால் இன்னொன்றும் அதே வயசுதான், புது மாஸ்டர் கொடுக்கும் அழுத்தத்தில் பழைய ஸ்லேவ் சீக்கிரமே கசிய ஆரம்பிக்கும் என்று அவர் சொன்னது நியாயம். கியர் பாக்ஸை யாரும் தொடவில்லை.

பிரேக் ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாதி. டாட் 3 ஆனாலும் டாட் 4 ஆனாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று பிரேக்குக்குச் சொல்வார்கள். கிளட்ச்சுக்கும் அதே ஃப்ளூயிட்தான் என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பா, அப்படிப்பட்ட வண்டியில் கிளட்ச் கசிவைச் சும்மா விடுவது பிரேக்கோடு விளையாடுவது.

1983ல் வந்து 2014 வரை ஓடிய மாருதி 800 மாதிரியான சின்ன வண்டிகளில் ஹைட்ராலிக் கிடையாது, கேபிள்தான். அதில் பம்ப் செய்து பார்ப்பதில் பயனில்லை. பெடலைக் கையால் அழுத்தி, கனம் தட்டுவதற்கு முன்னால் எவ்வளவு தூரம் சும்மா போகிறது என்று பாருங்கள். ரொம்பத் தூரம் போனால் கேபிள் தளர்ந்திருக்கிறது, கிளட்ச் முழுசாக விடாது. கொஞ்சம்கூடச் சும்மா போகாமல் இறுக்கமாக இருந்தால் கிளட்ச் எப்போதும் அரைகுறையாக மிதித்த நிலையிலேயே இருந்து, எஞ்சினோடு பிடித்துக்கொள்ளும் கிளட்ச் பிளேட் உரசிக் கருகும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலில் மில்லிமீட்டர் கணக்கில் போட்டிருப்பான். தளர்த்தித் தளர்த்தி நட்டின் மரை முடிந்துவிட்டதென்றால் தேய்ந்தது பிளேட். பெடல் நாளுக்கு நாள் கனமாகி, சில இடத்தில் சொரசொரவென்று வந்தால் கேபிள் உள்ளே நைந்துகொண்டிருக்கிறது. இரண்டு முனையிலும் பாருங்கள், இழைகள் முதலில் அறுவது அங்கேதான். நாலு இழை பிரிந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். அது அறுவது எப்போதும் நடு ரோட்டில்தான்.

கேபிளும் ஹைட்ராலிக்கும் சரியாக இருந்தும் கிளட்ச் விடவில்லை என்றால் அப்போது பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். பிளேட் வளைந்திருக்கலாம், ஷாஃப்டில் சறுக்கி நகர வேண்டிய வரிப்பள்ளத்தில் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம், பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல் ஒன்று உடைந்திருக்கலாம். ஆனால் ஒன்று, இறக்குவது வேறு, பிரிப்பது வேறு. கிளட்ச் வேலைக்கு கியர் பாக்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தால் போதும், அதன் மூடியைத் திறக்கவே தேவையில்லை. பில்லில் இரண்டும் ஒரே வரியில் வந்தால், எதற்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

உள்ளே நிஜமாகவே கோளாறு இருக்கும் வண்டி எப்படிப் பேசும்? அதன் அடையாளம், ஒரே ஒரு கியரில் மட்டும் தகராறு. மற்ற எல்லாம் நன்றாக விழும், மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது மட்டும் உரசும். கிளட்ச் காரணமாக இருந்தால் எல்லா கியரையும் கொஞ்சமாவது பாதித்திருக்கும், முதலும் ரிவர்ஸும் முந்திக்கொண்டு காட்டிக்கொடுத்திருக்கும். ஒற்றை கியர் என்றால் அந்த கியரின் சின்க்ரோ. நம் ஊரில் அது இரண்டாம் கியராகத்தான் இருக்கும். வேகத்தடைக்குத் தடை, பள்ளத்துக்குப் பள்ளம் இரண்டாவதில்தான் இறங்குகிறோம். முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே வேக வித்தியாசமும் பெரிசு, வளையத்துக்கு அங்கேதான் அதிக உழைப்பு.

உறுதி செய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. காலியான ரோட்டில் மூன்றாவதில் போய்க்கொண்டிருக்கும்போது கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள், கிளட்ச்சை விடுங்கள், ஆக்ஸிலேட்டரை லேசாக ஒரு தட்டு, மறுபடி கிளட்ச்சை மிதித்து இரண்டாவது. பழைய லாரி டிரைவர்களுக்கு இது தூக்கத்திலும் வரும். வளையம் செய்ய வேண்டிய வேலையை நீங்களே காலால் செய்துகொடுக்கிறீர்கள். இப்படிப் போட்டால் உரசாமல் விழுந்து, சாதாரணமாகப் போட்டால் உரசினால், வளையம் தேய்ந்துவிட்டது. மறு பேச்சில்லை.

வில்சன் கார்டன் அண்ணன் ஒரு தடவை தேய்ந்த வளையத்தையும் புதுசையும் என் இரண்டு கையிலும் வைத்தார். கைக்குள் அடங்குகிற பித்தளை வளையம், வெளி ஓரத்தில் சின்னச் சின்னப் பற்கள், உள்பக்கம் சாய்வாக, அதில் முடி கனத்துக்கு வரிவரியாகக் கோடுகள். புதுசில் அந்தக் கோடுகள் விரல் நுனியில் நறநறவென்று தட்டுப்பட்டன. பழசில் வழித்துவிட்டது போல மழமழவென்று, கோடு இருந்த சுவடே இல்லை. அப்புறம் கியரின் கூம்பு மேல் புது வளையத்தை வைத்து அழுத்தித் திருப்பச் சொன்னார், கப்பென்று பிடித்துக்கொண்டது. பழசை வைத்து அழுத்தினால் வழுக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தக் கோடுகளின் வேலை எண்ணெய்ப் படலத்தைக் கிழித்து உலோகத்தை உலோகம் பிடிக்க வைப்பது. அது போனால் வளையம் இருந்தும் இல்லாத மாதிரிதான். வளையத்துக்கும் கியருக்கும் நடுவே ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகட்டை விட்டு இடைவெளி அளப்பதும் உண்டு. பாக்ஸைப் பிரித்துவிட்டோம் என்று சொல்கிறவரிடம் இந்த இரண்டு சோதனையையும் உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். உண்மையாக வேலை தெரிந்தவர் சந்தோஷமாகக் காட்டுவார்.

ஆனால் வளையத்தைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் ஆயிலைப் பார்த்துவிட வேண்டும், இதை நான் அழுத்திச் சொல்கிறேன். டிசம்பர், ஜனவரியில் பெங்களூர் விடியற்காலையில் இரண்டாவது கியர் முரண்டு பிடித்து, பத்து நிமிஷம் ஓடியதும் சரியாகிவிட்டால் ஆயில் பழசாகக் கெட்டிப்பட்டிருக்கலாம் அல்லது தப்பான ஆயிலை ஊற்றியிருக்கலாம். எஞ்சின் ஆயிலை வருஷத்துக்கு ஒரு தடவை ஒழுங்காக மாற்றுகிறவர்கள்கூட கியர் ஆயில் என்று ஒன்று இருப்பதையே நினைப்பதில்லை. மேனுவலில் ஆயிலின் தரம் ஜிஎல்-4 என்று போட்டிருந்தால் ஜிஎல்-4தான் ஊற்ற வேண்டும். 'ஐந்து பெரிசு, அப்போ அதுதான் நல்லது' என்று கடைக்காரர் ஜிஎல்-5ஐ எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து அதிகம். அது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் உள்ள ஹைப்பாய்டு என்கிற வகை கியர்கள் நசுங்காமல் காப்பதற்கு. சின்க்ரோவுக்கு வேண்டியது வழுக்கல் இல்லை, பிடிமானம். அந்த மருந்து அந்தப் பிடிமானத்தைக் கெடுக்கும், சில ஆயில்களில் பித்தளையையும் அரிக்கும். 75டபிள்யூ-80, 75டபிள்யூ-90 என்கிற எண்கள் கெட்டித்தன்மையைச் சொல்பவை, அதையும் மேனுவல்படிதான் போக வேண்டும்.

ஆயிலை இறக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். ஊற்றுகிற போல்ட்டை முதலில் கழற்ற வேண்டும், வடிகிற போல்ட்டை அப்புறம். மேலே உள்ளது துருப்பிடித்துத் திறக்கவே இல்லை என்றால், கீழே எல்லாவற்றையும் வடித்துவிட்டு வண்டியை நகர்த்தவும் முடியாமல் நிற்க வேண்டிவரும். வடிகிற போல்ட்டின் முனையில் பல வண்டிகளில் காந்தம் இருக்கும். அதில் மை மாதிரி சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் பயப்படாதீர்கள், அது வயசுக்கான தேய்மானம். கையில் எடுத்தால் குத்துகிற அளவுக்கு எஃகுத் துண்டு இருந்தால் பல் உடைந்திருக்கிறது, அந்த வண்டியை ஓட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகக் கூடாது. ஆயிலை வெயிலில் வெள்ளைத் தட்டில் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். தங்கப் பொடி மாதிரி மினுமினுத்தால் அது பித்தளை, சின்க்ரோ வளையத்திலிருந்து வந்தது. காந்தத்தில் அது ஒட்டாது, அதனால் காந்தத்தை மட்டும் பார்த்து நல்லது என்று விட்டுவிடக் கூடாது. ஆயில் அளவு குறைந்திருந்தால் சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் உள்ளே நுழையும் இடத்து சீலைப் பாருங்கள், அங்கேதான் பெரும்பாலும் கசியும்.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு அக்காவின் பழைய ஹேட்ச்பேக்கில் ஆயில் மாற்றியதில் பாதிக் குறை போயிற்று, மீதி இருந்தது. வடித்ததில் பொடி லேசாக மினுங்கியது. அவர் ஜெயநகரிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து வீடு, வருஷத்தில் ஒரு தடவை கிருஷ்ணகிரி என்று ஓட்டுகிறவர். "அக்கா, இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம்" என்றேன். லிவரை இரண்டாவதின் வாசலில் ஒரு நொடி லேசாக அழுத்திப் பிடித்தால் தேய்ந்த வளையமும் தன் வேலையை முடித்துவிடும், இடித்துத் தள்ளினால்தான் உரசும். அப்படி ஓட்டக் கற்றுக்கொண்டார், வண்டி ஓடுகிறது. எல்லோருக்கும் இந்த யோசனையைச் சொல்ல மாட்டேன். உரசல் இரண்டாவதோடு நிற்காமல் மூன்றாவதுக்கும் பரவினால், அல்லது போட்ட கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால், தள்ளிப்போடவே கூடாது.

தானாகக் கழல்வது தனிக் கதை. ஹோசூர் தாண்டி சூளகிரி பக்கம் இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் துள்ளிக்கொண்டு வெளியே வந்தால் எஞ்சின் பிரேக்கே இல்லாமல் போய்விடும், ஆபத்து. உள்ளே கவ்வும் பற்களின் முனை மழுங்கியிருக்கலாம், ஃபோர்க் தேய்ந்திருக்கலாம், கியரை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் சின்னக் குண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். ஆனால் இதிலும் முதலில் வெளியே பாருங்கள். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் கியர் லிவர் முன்னும் பின்னும் ஆடுகிறதா? ஆடினால் எஞ்சின் மவுண்டிங் போயிருக்கிறது. எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ந்து குலுங்கும்போது, பாடியோடு இருக்கும் லிவர் ராடைப் பிடித்து இழுத்து கியரைக் கழற்றிவிடும். ரப்பர் மவுண்டிங் மாற்றுவது சில மணி நேர வேலை. லிவர் மேல் எப்போதும் கையை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், அந்தக் கனம் நேராக உள்ளே ஃபோர்க்கில்தான் இறங்குகிறது.

சத்தத்தை வைத்தும் இடத்தைச் சொல்லலாம். எஞ்சின் ஓட, நியூட்ரலில், காலை எடுத்துவிட்டுக் கேளுங்கள். 'உய்ங்' என்று வந்துகொண்டிருந்த சத்தம் கிளட்ச்சை மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்தால்தான் சத்தம் வருகிறது, விட்டால் நிற்கிறது என்றால் கிளட்ச்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். இரண்டாவதற்கு பாக்ஸை இறக்கினால் போதும், முதலாவதற்குப் பிரிக்க வேண்டும்.

ராடு, புஷ் விஷயம் ரொம்பச் சின்னது, அதனால்தான் அதை யாரும் கவனிப்பதில்லை. ஸ்டீயரிங் கம்பத்திலேயே கியர் வைத்த அம்பாஸடர், பத்மினி ஓட்டியவர்களுக்குத் தெரியும், புஷ் தேய்ந்தால் எந்த கியர் எங்கே என்று துழாவ வேண்டியிருக்கும். தரையில் கியர் வந்தபிறகும் கதை அதேதான். ஒருவர் உள்ளே உட்கார்ந்து லிவரை ஆட்ட, இன்னொருவர் கீழிருந்து ராடைப் பார்க்க வேண்டும். லிவர் ஒரு விரல் நகர்ந்தபிறகுதான் ராடு நகர்கிறது என்றால் நடுவே எங்கோ ஒரு பிளாஸ்டிக் புஷ் பொடிந்துபோயிருக்கிறது. ஜேசி ரோட்டில் அலைந்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்குக் கிடைக்கும். அங்கே பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய சாமானும் கிடைக்கும். லிவர், ராடு, பாக்ஸின் கூடு இவற்றைப் பழசாக வாங்கலாம். சின்க்ரோ ரிங், ரிலீஸ் பேரிங், சீல், கிளட்ச் பிளேட் இவற்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் பழசு வாங்காதீர்கள்.

மெக்கானிக்கிடம் போய் "கியர் சரியில்லை" என்று மட்டும் சொல்வதை நிறுத்துங்கள் என்று என் நண்பர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "எஞ்சின் ஆஃப்ல எல்லாம் விழுது, ஆன்ல ரிவர்ஸ் உரசுது, சூடானா அதிகம், பம்ப் பண்ணா சரியாகுது." இப்படிச் சொன்னால் நல்ல மெக்கானிக் அங்கேயே பாதி வேலையை முடித்துவிடுவார். தமிழோ கன்னடமோ உருதுவோ, இந்த ஊர் ஒர்க்‌ஷாப்களில் எந்த பாஷையிலும் இது போய்ச் சேரும். சொன்னதைக் கேட்டபிறகும் ஓட்டிப் பார்க்காமல் பிரிக்கலாம் என்கிறவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

எல்லாச் சோதனையும் செய்து பாக்ஸை இறக்கத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டால், அப்போது கஞ்சத்தனம் காட்டாதீர்கள். கூலி ஒரு தடவைதான். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். பிளேட் போய் ஒட்டும் பிளைவீல் முகத்தில் நீலம் பாய்ந்திருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிட வேண்டும், அது கசிந்தால் புது பிளேட் எண்ணெயில் ஊறி ஒரு மாசத்திலேயே சறுக்க ஆரம்பிக்கும், மறுபடி முதலிலிருந்து அதே கூலி. டிரைவ் ஷாஃப்ட் சீல்களும் அதே நேரத்தில். கழற்றிய பழைய சாமான்களைப் பையில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டி திரும்பி வந்ததும் ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பணம் கொடுத்துவிடாதீர்கள். நன்றாகச் சூடாகும்வரை நெரிசலில் ஓட்டி, நிறுத்தி, ஐந்து எண்ணி ரிவர்ஸ் போடுங்கள். ஒரு மேம்பாலத்து ஏற்றத்தில் நாலாவது கியரில் மெதுவாகப் போய் ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பாருங்கள், எஞ்சின் மட்டும் அலறி வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் சறுக்குகிறது. இரண்டாவதுக்கு இறங்குவதை வேகமாகவும் ஒரு தடவை, நிதானமாகவும் ஒரு தடவை செய்யுங்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்தால் காலையில் எந்த சீல் கசிகிறது என்று தெரிந்துவிடும். கேபிள் கிளட்ச் என்றால் சில நூறு கிலோமீட்டர் ஓடியபிறகு மறுபடி போய் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், புது பிளேட் படிந்து பெடலின் அளவு மாறியிருக்கும். அதற்குத் தனியாகக் காசு வாங்க மாட்டேன் என்று முதல் நாளே மெக்கானிக் வாயால் சொல்ல வைத்துவிடுங்கள்.